சாரல் ஊரின் ஓட்டுக் கணக்கு: அச்சன்புதூர்

குற்றால சீசனுக்கு வருகிறவர்களின் வண்டி தென்காசி வந்ததும் அருவிப் பக்கம் திரும்பிவிடும். ஐந்தருவியில் ஒரு குளியல், பழைய குற்றாலத்தில் ஒரு குளியல், பிரானூர் பார்டரில் பரோட்டா, பை நிறைய நேந்திரங்காய் சிப்ஸ் என்று பயணம் முடிந்துவிடும். தென்காசிக்கு வடக்கே, கடையநல்லூருக்கும் வடகரைக்கும் இடையில் இருக்கும் அச்சன்புதூர் அந்தப் பட்டியலில் வருவதில்லை. ஆனால் மேற்குத் தொடர்ச்சி மலையின் அதே சாரல்தான் இங்கேயும் விழுகிறது. மேற்கே சுவர் எழுப்பியது போல மலை. மலையடியில் மேக்கரை அருகே 132 அடி உயர அடவிநயினார் அணை. அதிலிருந்து இறங்கும் அனுமன் நதி. இந்த வட்டாரம் முழுக்க நெல்லும் தென்னையும்தான். அணை நிரம்பினால் முகம் மலரும். யானை இறங்கி வந்து தென்னையைச் சாய்த்துவிட்டது என்று சேதி வந்தால் முகம் வாடும்.

இப்படிப்பட்ட ஊர்களில் மழைக்கு அடுத்தபடியாக அதிகம் பேசப்படுவது ஓட்டு. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, "என்ன அண்ணாச்சி, நம்ம வார்டுல இந்தத் தடவ யாரு?" என்று ஒருவர் கேட்டால் போதும். அந்தக் கேள்விக்குப் பதிலாக ஒரு கட்சியின் பெயர் வராது. "மேலத்தெருவுல அந்த மாமா நின்னா ஒரு கணக்கு, அவரு மருமவ நின்னா வேற கணக்கு" என்றுதான் பேச்சு தொடங்கும். உள்ளாட்சித் தேர்தலில் கட்சிகளின் நிலவரத்தைத் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள், தலைநகரத்துத் தொலைக்காட்சி விவாதத்தைவிட இந்தப் பெஞ்சுப் பேச்சைக் கவனிப்பது நல்லது.

ஊருக்கு ஒரு ஓட்டு, பக்கத்து ஊருக்கு நாலு ஓட்டு

அச்சன்புதூர் ஒரு பேரூராட்சி. கிராம ஊராட்சியும் இல்லை, நகராட்சியும் இல்லை. 2019 நவம்பர் 22 அன்று திருநெல்வேலியிலிருந்து பிரிந்து பிறந்த தென்காசி மாவட்டத்தில் இப்படி 17 பேரூராட்சிகள் இருக்கின்றன. குற்றாலம், இலஞ்சி, பண்பொழி, ஆய்க்குடி, வடகரை கீழ்ப்பிடாகை எல்லாம் இந்த வரிசையில் வருபவைதான். தென்காசி, கடையநல்லூர், செங்கோட்டை, சங்கரன்கோவில், புளியங்குடி, சுரண்டை ஆகிய ஆறும் நகராட்சிகள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பேரூராட்சி எல்லையைத் தாண்டி ஒரு கிராம ஊராட்சிக்குள் நுழைந்தால், அங்கே இருக்கும் வாக்காளர் உள்ளாட்சித் தேர்தலில் நான்கு ஓட்டுப் போடுகிறார். ஊராட்சி வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர், ஒன்றிய கவுன்சிலர், மாவட்ட கவுன்சிலர் என்று நாலு பேருக்கு நாலு வாக்குச்சீட்டு. அதில் முதல் இரண்டு பதவிகளுக்குக் கட்சிச் சின்னம் கிடையாது. பூட்டு, சாவி, ஆட்டோ என்று பொதுச் சின்னங்கள்தான். அடுத்த இரண்டுக்கும்தான் கட்சிச் சின்னம்.

அச்சன்புதூர்க்காரருக்கோ ஒரே ஒரு ஓட்டு. வார்டு உறுப்பினருக்கு மட்டும், கட்சிச் சின்னத்தோடு, மின்னணு இயந்திரத்தில் ஒரு பொத்தான். பேரூராட்சித் தலைவரை அவர் தேர்ந்தெடுப்பதில்லை. ஜெயித்து வந்த உறுப்பினர்கள் கூடி, தங்களுக்குள் ஒருவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். இதற்கு மறைமுகத் தேர்தல் என்று பெயர்.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1996, 2001 தேர்தல்களில் தலைவருக்கு மக்களே நேரடியாக ஓட்டுப் போட்டார்கள். 2006இல் மறைமுகமாக மாறியது. 2011இல் மறுபடி நேரடி. 2022இல் மறுபடி மறைமுகம். ஆட்சியில் இருக்கும் கட்சி எதுவானாலும், தனக்கு எது தோதோ அந்த முறையைக் கையில் எடுத்துக்கொண்டது. ஓட்டுப் போடுகிறவருக்கு ஒரு ஓட்டா, இரண்டு ஓட்டா என்பது ஒவ்வொரு தடவையும் சென்னையில் முடிவானது.

ஐந்து ஆண்டுகள் ஆளில்லா நாற்காலி

தேர்தல் எப்படி நடக்கிறது என்பதைவிடப் பெரிய கேள்வி, நடக்கிறதா என்பது. 2011 அக்டோபரில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அப்போது நடக்கவிருந்த தேர்தலைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அதன்பிறகு வழக்குகள், வார்டு மறுவரையறை, புதிய மாவட்டப் பிரிப்பு, கொரோனா என்று தள்ளிக்கொண்டே போனது. அச்சன்புதூர் போன்ற பேரூராட்சிகளுக்குப் புதிய உறுப்பினர்கள் பதவியேற்றது 2022 மார்ச் 2 அன்று. நடுவில் ஐந்து ஆண்டுகளுக்கும் மேல் தனி அலுவலர்களின் நிர்வாகம்.

இதனால் என்ன கெட்டுவிட்டது என்று நகரத்தில் இருப்பவர்கள் கேட்கலாம். ஊரில் இருப்பவருக்கு அதன் கனம் தெரியும். குடிநீர் இரண்டு நாளாக வரவில்லை, வாறுகால் அடைத்துக்கொண்டது, தெருவிளக்கு எரியவில்லை, குப்பை வண்டி வரவில்லை. யாரிடம் போய்ச் சொல்வது? உறுப்பினர் என்று ஒருவர் இருந்தால், அவர் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்துவிடலாம். "மதினி, அண்ணன் இருக்காகளா?" என்று உள்ளே குரல் கொடுக்கலாம். கல்யாண வீட்டில் மடக்கிப் பிடிக்கலாம். அலுவலரிடம் அந்த உரிமை எடுத்துக்கொள்ள முடியாது. அவர் நல்லவராக இருந்தாலும், நாளைக்கே வேறு ஊருக்கு மாறிப் போகிறவர்.

2022இல் பதவிக்கு வந்தவர்களுக்கும் முதல் மாதமே சோதனை வந்தது. பதவியேற்று ஒரு மாதம்கூட முடியாத நிலையில், 2022 ஏப்ரல் தொடக்கத்தில் மாநிலம் முழுக்கச் சொத்து வரி உயர்வு அறிவிக்கப்பட்டது. வீட்டின் அளவையும் ஊரையும் பொறுத்து 25 முதல் 150 சதவீதம் வரை உயர்வு. முடிவு எடுத்தது அரசு. ஆனால் தெருவில் கேள்வி கேட்கப்பட்டது, நேற்றுத்தான் கும்பிட்டு ஓட்டு வாங்கிப் போன உறுப்பினரிடம். உள்ளாட்சிப் பதவியின் குணமே இதுதான். அதிகாரம் கொஞ்சம், பதில் சொல்லும் கடமை நிறைய.

கோட்டைக் காற்று எதுவரை?

சரி, கட்சிகளின் வாய்ப்பு எப்படி? தமிழ்நாட்டு உள்ளாட்சித் தேர்தலுக்கு ஒரு பழைய வாய்ப்பாடு உண்டு. கோட்டையில் யாரோ, ஊரிலும் அவரே. 1996, 2001, 2006, 2011 ஆகிய நான்கு முறையும் சட்டமன்றத் தேர்தல் முடிந்து சில மாதங்களில், அக்டோபரில், உள்ளாட்சித் தேர்தல் வந்தது. புதிதாக ஆட்சிக்கு வந்த கட்சியின் காற்று அடங்குவதற்குள் ஓட்டுப்பதிவு. 2011இல் அதிமுக 10 மாநகராட்சிகளையும் அள்ளியது. 2022 பிப்ரவரி 19 அன்று நடந்த நகர்ப்புறத் தேர்தலில் திமுக கூட்டணி 21 மாநகராட்சிகளையும் அள்ளியது. கட்சி மாறியது, வாய்ப்பாடு மாறவில்லை.

ஆனால் மலையடிவாரத்துக்கு வந்தால் இந்த வாய்ப்பாடு தடுமாறுகிறது. மாநிலம் முழுக்க ஒரே பக்கம் காற்று அடித்த அதே 2022இல், குற்றாலம் பேரூராட்சியின் 8 வார்டுகளில் திமுகவுக்கு 4, அதிமுகவுக்கு 4. மார்ச் 4 அன்று நடக்க வேண்டிய தலைவர் தேர்தல் தள்ளிப்போனது. சங்கரன்கோவில் நகராட்சியில் 30 உறுப்பினர்கள். தலைவர் தேர்தலில் இரண்டு தரப்புக்கும் 15, 15. கடைசியில் குலுக்கல் போட்டுத்தான் தலைவரை முடிவு செய்தார்கள். குலுக்கலில் கிடைத்த நாற்காலி 2025 ஜூலையில் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் கைவிட்டுப் போனது.

இந்த வட்டாரத்துச் சட்டமன்றக் கணக்கும் ஒரே கட்சிக்கு அடங்கியதில்லை. அச்சன்புதூர் இருப்பது கடையநல்லூர் தொகுதியில். 2006இல் அங்கே காங்கிரஸின் பீட்டர் அல்போன்ஸ் ஜெயித்தார். 2011இல் அதிமுகவின் செந்தூர்பாண்டியன். 2016இல் இந்திய யூனியன் முஸ்லிம் லீக்கின் முகம்மது அபூபக்கர், அதுவும் 1,194 ஓட்டு வித்தியாசத்தில். 2021இல் மறுபடி அதிமுக, கிருஷ்ணமுரளி 24 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஓட்டு வித்தியாசத்தில். நான்கு தேர்தலில் மூன்று கட்சிகள். பக்கத்துத் தென்காசித் தொகுதியில் 2021இல் காங்கிரஸின் பழனி நாடார் ஜெயித்தது வெறும் 370 ஓட்டில். அந்தக் கணக்கு நீதிமன்றம் வரை போய், 2023இல் தபால் ஓட்டுகளை மறுபடி எண்ண வேண்டியதாயிற்று.

370 ஓட்டு என்பது ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு மயிரிழை. ஒரு பேரூராட்சி வார்டுக்கோ அது மலை. 2022இல் தமிழ்நாட்டின் பேரூராட்சிகளில் இருந்த வார்டுகள் 7,621. ஊர்கள் 490. ஊருக்குச் சராசரியாகப் பதினைந்து வார்டு. ஒரு வார்டில் பல இடங்களில் சில நூறு ஓட்டுகள்தான். அதில் மூன்று நாலு பேர் நின்றால், இருநூறு முந்நூறு ஓட்டு வாங்கியவர் மாலை போட்டுக்கொள்ளலாம். அந்த இருநூறு பேரையும் வேட்பாளருக்குப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரியும். அவர்களுக்கும் வேட்பாளரின் தாத்தா காலத்துக் கதை வரை தெரியும்.

கவுண்டியும் வார்டும்

கடல் தாண்டி ஒரு ஒப்பீடு இதைத் தெளிவாக்கும். இங்கிலாந்தில் கவுண்டி என்று சொல்லப்படும் மாவட்டங்களுக்குத் தனி மன்றம் உண்டு. 2025 மே 1 அன்று கென்ட் கவுண்டியில் தேர்தல் நடந்தது. மொத்தம் 81 இடங்கள். ரிஃபார்ம் யுகே என்ற புதிய கட்சி 57 இடங்களைப் பிடித்தது. அதுவரை மன்றத்தை ஆண்டுவந்த கன்சர்வேட்டிவ் கட்சி 5 இடங்களுக்குச் சுருங்கியது. அங்கேயும் மன்றத்தின் தலைமைக்கு வருபவரை உறுப்பினர்கள்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். நம் ஊர் மறைமுகத் தேர்தல் போலத்தான்.

வித்தியாசம் அளவில் இருக்கிறது. கென்ட் மன்றத்தின் எல்லைக்குள் 15 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்கிறார்கள். ஒரு உறுப்பினருக்கு ஏறக்குறைய 20 ஆயிரம் பேர். அத்தனை பேருக்கும் வேட்பாளரின் முகம் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. கட்சியின் பெயரைப் பார்த்துத்தான் ஓட்டு. அதனால் நாட்டில் ஒரு அலை அடித்தால் மன்றமே ஒரே நாளில் புரண்டுவிடுகிறது. அச்சன்புதூர் வார்டில் அலை வந்தாலும், அது தெருமுனையில் நின்று "இந்த வீட்டுக்காரர் யார் பக்கம்?" என்று விசாரித்துவிட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டும்.

இந்த நெருக்கம் ஓட்டுப்பதிவிலும் தெரிகிறது. 2022 தேர்தலில் மாநகராட்சிகளில் பதிவானது 52.22 சதவீதம். நகராட்சிகளில் 68.22. பேரூராட்சிகளில் 74.68. ஊர் சின்னதாகச் சின்னதாக வரிசை நீளமாகிறது. இந்த வட்டாரத்துக் குடும்பங்கள் பலவற்றில் ஒருவராவது வளைகுடா நாட்டில் இருப்பார். அங்கிருந்து வந்து ஓட்டுப் போட முடியாவிட்டாலும், "வாப்பா, ஓட்டுப் போட்டாச்சா?" என்று காலையிலேயே போன் வந்துவிடும். யாருக்குப் போட வேண்டும் என்பதும் சில சமயம் அதே போனில் வரும்.

யார் யாருக்கு என்ன வாய்ப்பு?

பெரிய கட்சிகள் இரண்டுக்கும் வார்டு வாரியாக ஆள் இருக்கிறது. அது அவர்களுடைய பலம். ஒரே வார்டில் சீட்டுக் கேட்கும் ஆளும் நாலு பேர் இருப்பார்கள். அது அவர்களுடைய தலைவலி. சீட்டுக் கிடைக்காதவர் சுயேச்சையாக நின்றால், ஐம்பது ஓட்டைப் பிரித்தாலே போதும், கட்சி வேட்பாளர் கதை முடிந்தது. ஜெயித்த சுயேச்சைக்கு மறைமுகத் தேர்தலன்று மதிப்புக் கூடும். நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்களைக் கட்டுப்படுத்தும் கட்சித் தாவல் தடைச் சட்டத்தின் பத்தாவது அட்டவணை, பேரூராட்சி உறுப்பினரைக் கட்டுப்படுத்தாது. நேற்று ஒரு சின்னம், இன்று வேறு துண்டு என்பது இங்கே சட்டப்படி குற்றமில்லை.

முஸ்லிம் லீக், காங்கிரஸ், மதிமுக, பாஜக, இடதுசாரிகள், எஸ்டிபிஐ, நாம் தமிழர் என்று மற்ற கட்சிகளுக்கு ஊர் முழுக்க அல்ல, குறிப்பிட்ட சில தெருக்களில்தான் வேர் இருக்கும். ஆனால் இந்த அளவுத் தேர்தலில் ஒரு தெரு என்பது ஒரு வார்டு. மாநில அளவில் சில சதவீதம் வைத்திருக்கும் கட்சி, ஒரே தெருவில் வலுவாக இருந்தால் ஒரு உறுப்பினரைக் கொண்டுவந்துவிடலாம். அந்த ஒரு உறுப்பினர்தான் 15க்கு 15 என்று நிற்கும் நாளில் ஊரையே திருப்புகிறவர்.

புதியவர்களுக்கும் உள்ளாட்சிதான் வாசல். 2021 அக்டோபரில் தென்காசி உள்ளிட்ட 9 மாவட்டங்களில் நடந்த ஊரகத் தேர்தலில், நடிகர் விஜய்யின் மக்கள் இயக்கத்தைச் சேர்ந்தவர்கள் சுயேச்சையாக நின்று 100க்கும் மேற்பட்ட இடங்களில் ஜெயித்தார்கள். தமிழக வெற்றிக் கழகம் பிறந்தது அதற்குப் பிறகு, 2024இல்தான். அதே தேர்தலில் கடையம் ஒன்றியம் வெங்கடாம்பட்டியில் 21 வயதுப் பெண் சாருகலா ஊராட்சித் தலைவரானார். பக்கத்து மாவட்டத்தில், பாளையங்கோட்டை ஒன்றியம் சிவந்திப்பட்டியில், 90 வயதுப் பெருமாத்தாள் தலைவரானார். 21க்கும் 90க்கும் ஒரே நாளில் மாலை விழுந்தது.

இரண்டு பேரும் பெண்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்ற சட்டம் 2016இல் வந்தது. முதலில் பல ஊர்களில் சுவரொட்டியில் மனைவி படம், பேச்சுக்குக் கணவர் என்று இருந்தது. இன்னும் சில இடங்களில் அப்படித்தான். ஆனால் தண்ணீர் வராத நாளில் குடத்தோடு வரும் பெண்கள், கணவரைத் தாண்டி உறுப்பினரையே கூப்பிடுகிறார்கள். ஐந்து வருஷம் பதில் சொல்லிப் பழகியவர், அடுத்த தடவை தானே பேசத் தொடங்கிவிடுகிறார்.

செலவு விஷயத்திலும் வாசல் பெரிதாகப் பூட்டப்படவில்லை. 2022இல் பேரூராட்சி வார்டுக்கு டெபாசிட் 1,000 ரூபாய். பட்டியலினத்தவர், பழங்குடியினருக்கு 500. தேர்தல் ஆணையம் அனுமதித்த செலவு வரம்பு 17,000 ரூபாய். தெருவில் நல்ல பெயர் இருந்து, கொஞ்சம் கால்நடையாகச் சுற்றவும் தெம்பு இருந்தால், நிற்கலாம்.

மானூர் சொன்ன அபராதம்

குடவோலை என்றதும் எல்லோரும் உத்திரமேரூரைத்தான் நினைக்கிறார்கள். அதற்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பே, திருநெல்வேலிக்குப் பக்கத்து மானூரில், பாண்டியன் மாறஞ்சடையன் காலத்தில், ஊர்ச் சபைக்கு விதி எழுதிக் கல்லில் வெட்டி வைத்தார்கள். சபையில் உட்காருகிறவருக்கு நிலம் இருக்க வேண்டும், கற்றவராக இருக்க வேண்டும், ஒழுக்கம் இருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. இன்றைய கண்ணுக்கு அது சிலருக்கு மட்டுமான சபை. உழுகிறவருக்கும் பெண்களுக்கும் அங்கே இடமில்லை. அந்த வகையில், ஐநூறோ ஆயிரமோ கட்டி யாரும் நிற்கலாம் என்ற இன்றைய ஏற்பாடு பல நூற்றாண்டு முன்னேற்றம்.

ஆனால் அந்தக் கல்வெட்டில் ஒரு விதி இன்றைக்கும் பொருந்தும். சபையில் எந்த யோசனை வந்தாலும் "கூடாது, கூடாது" என்று முட்டுக்கட்டை போடுகிறவருக்கும், அவருக்குத் துணை நிற்பவருக்கும் 5 காசு தண்டம். கூட்டத்துக்கு வராமல் தலைவர் தேர்தலையே தள்ளிப்போட வைக்கும் இந்தக் காலத்துக்கு, எத்தனை காசு போடுவது என்று மானூர்க்காரர்களைத்தான் கேட்க வேண்டும்.

2022 மார்ச்சில் பதவியேற்றவர்களின் ஐந்து ஆண்டு, 2027 மார்ச்சில் முடிகிறது. அச்சன்புதூருக்கு அதில் பெரிய கேள்வி, எந்தக் கட்சிக்கு எத்தனை வார்டு என்பதல்ல. தேர்தல் உரிய நேரத்தில் வருமா, அல்லது போன தடவை போல நாற்காலி வருஷக்கணக்கில் காலியாகக் கிடக்குமா என்பதுதான். கட்சிகள் தோற்றால் அடுத்த தேர்தலில் பார்த்துக்கொள்ளலாம். உறுப்பினரே இல்லாத தெருவில் விளக்கு அணைந்தால், யார் வீட்டுத் திண்ணையில் போய் உட்காருவது?